முதல் க்ரூஸர்... சத்தத்தைக் கேட்காதீங்க, எடையைப் பாருங்க!

"அப்பா, ஒரு க்ரூஸர் பைக் பார்த்து வெச்சிருக்கேன். செகண்ட் ஹேண்ட்தான். செம கண்டிஷன்!"

பல வீடுகளில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்கும் பேச்சு இது. அப்பாவின் முதல் கேள்வி, "எவ்வளவு?" அம்மாவின் முதல் கேள்வி, "எதுக்கு அவ்ளோ பெரிய வண்டி?" கேட்ட பிள்ளையின் மனசோ ஏற்கெனவே ஈ.சி.ஆரில் மகாபலிபுரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இன்று க்ரூஸர் கேட்கும் மகள்களும் நிறைய பேர்.

இந்த இரண்டு கேள்விகளில் அம்மாவின் கேள்விக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும். அதில் பயம் மட்டும் இல்லை, விஷயமும் இருக்கிறது. இதுவரை ஸ்கூட்டரோ 100 சி.சி பைக்கோ மட்டும் ஓட்டியவர் முதன்முதலாக க்ரூஸர் வாங்கும்போது, அவருக்கு எது சரியான வண்டி என்பதைத் தீர்மானிப்பது சைலென்சர் சத்தமும் அல்ல, சி.சி-யும் அல்ல. நிற்கும்போது அந்த வண்டியின் எடையை அவரால் தாங்க முடிகிறதா என்பதுதான்.

எது க்ரூஸர்?

தாழ்வான சீட், உயர்ந்து பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பார், முன்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், நீளமான உடம்பு. இதுதான் க்ரூஸரின் அடையாளம். அமெரிக்காவின் நீண்ட நேர் சாலைகளில் மணிக்கணக்கில் அலுக்காமல் போவதற்கென்று உருவான அமைப்பு இது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி முதுகு நிமிர்ந்து, கால்கள் நீட்டி, நிதானமாகப் போகலாம்.

தமிழ்நாட்டில் பலரும் புல்லட்டையும் கிளாசிக் 350-ஐயும் க்ரூஸர் என்றே சொல்கிறார்கள். சரியாகச் சொன்னால் அவை வேறு வகை. வித்தியாசம் சீட்டில் உட்கார்ந்தாலே தெரியும். புதிய கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் க்ரூஸரான மீட்டியார் 350-ல் அது 765 மில்லிமீட்டர். பஜாஜ் அவெஞ்சரில் இன்னும் குறைவு, 737 மில்லிமீட்டர். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரம் உள்ளவருக்கு இந்த இரண்டு மூன்று அங்குல வித்தியாசம் பெரிய விஷயம். சிக்னலில் நுனிக்காலில் தடுமாறுவதற்கும் உள்ளங்கால் பதித்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

புதிதாக ஓட்டுபவர்களுக்கு க்ரூஸர் ஏற்றது என்று சொல்வதற்கு இந்தத் தாழ்வான சீட்தான் காரணம். ஆனால் அதே சீட்தான் ஏமாற்றவும் செய்யும். கால் எட்டுகிறது என்றால் வண்டியே கைக்குள் வந்துவிட்டது என்று தோன்றும். வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போதுதான் அதன் எடை என்னவென்று புரியும்.

அரிசி மூட்டைக் கணக்கு

ஸ்ப்ளெண்டர் மாதிரியான ஒரு 100 சி.சி பைக்கின் எடை சுமார் 112 கிலோ. அவெஞ்சர் 160 ஸ்ட்ரீட் சுமார் 156 கிலோ, அவெஞ்சர் 220 க்ரூஸ் சுமார் 163 கிலோ. மீட்டியார் 350 என்றால் 191 கிலோ. சூப்பர் மீட்டியார் 650-க்கு 241 கிலோ.

அரிசி மூட்டையில் கணக்குப் போட்டால் சட்டெனப் புரியும். ஸ்ப்ளெண்டர் ஓட்டியவர் அவெஞ்சர் 220-க்கு மாறினால், 25 கிலோ மூட்டை இரண்டைக் கூடுதலாகத் தாங்க வேண்டும். மீட்டியாருக்கு மூன்று மூட்டை. சூப்பர் மீட்டியாருக்கு ஐந்து மூட்டைக்கும் மேல்.

60 கிலோமீட்டர் வேகத்தில் இந்த மூட்டைகள் தெரியாது. வண்டி தன் ஓட்டத்திலேயே நிமிர்ந்து நிற்கும். தி.நகர் உஸ்மான் சாலையில் ஊர்ந்து போகும்போது தெரியும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் இழுக்கும்போது தெரியும். பெட்ரோல் பங்கில் கொட்டிக் கிடக்கும் ஆயில் மேல் கால் வைக்கும்போது தெரியும். புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் இந்த மாதிரி, வேகமே இல்லாத இடங்களில்தான்.

எனவே, வண்டியைப் பார்க்கப் போகிறவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே நான்கு சோதனைகளைச் செய்துவிடலாம்.

ஒன்று, சீட்டில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கால்களும் தரையில் முழுதாகப் பதிகின்றனவா என்று பார்ப்பது. வீட்டில் போடும் செருப்போடு அல்ல, வண்டி ஓட்டும்போது போடப்போகும் ஷூவோடு.

இரண்டு, ஸ்டாண்டை எடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கால்களால் உந்தி வண்டியைப் பத்தடி பின்னால் தள்ளுவது.

மூன்று, இறங்கி நின்று, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு வட்டம் போடுவது. பஞ்சர் ஆகி, கடை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

நான்கு, உட்கார்ந்த நிலையில் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புவது. சில க்ரூஸர்களில் கடைசி வரை திருப்பும்போது ஒரு பக்கக் கைப்பிடி எட்டாமல் போகும். அப்படியென்றால், யு டர்ன் எடுக்கும்போது அந்தக் கையிலிருந்து க்ளட்ச்சோ பிரேக்கோ நழுவிவிடும்.

இந்த நான்கில் ஒன்று தோற்றாலும், அது எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் முதல் வண்டியாக வேண்டாம்.

பழைய மார்க்கெட்டில் என்ன கிடைக்கும்?

ஒரு லட்சம் ரூபாய்க்குள் தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அவெஞ்சர். 2005-ல் அறிமுகமாகி, 180, 200, 220, 150, 160 என்று பல இன்ஜின்களில் வந்த வண்டி. எடை குறைவு, சீட் தாழ்வு. பஜாஜ் என்பதால் சின்ன ஊர் மெக்கானிக்கும் பயப்படாமல் கை வைப்பார். முதல் க்ரூஸருக்கு இதைவிட ஏற்ற வண்டி குறைவு. கவனிக்க வேண்டியது ஒன்று: 220 க்ரூஸ் மாடலில் ஸ்போக் வீல், அதனால் ட்யூப் டயர். அலாய் வீல் வண்டிபோல, பஞ்சரானாலும் மெதுவாகக் கடை வரை ஓட்டிவிடலாம் என்று நம்ப முடியாது.

அடுத்து ராயல் என்ஃபீல்டு. 2002-ல் வந்த தண்டர்பேர்டும், அதன் இடத்தில் 2020 நவம்பரில் வந்த மீட்டியார் 350-யும்தான் அதிகம் கிடைக்கும். சென்னை திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கிய தொழிற்சாலை, இன்று ஒரகடம், வல்லம் வடகால் என்று வளர்ந்திருக்கிறது. எனவே ஸ்பேர் பார்ட்ஸுக்கும் மெக்கானிக்குக்கும் தமிழ்நாட்டில் பஞ்சமே இல்லை. மீட்டியாரில் அதிர்வு குறைவு, இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஆனால் 191 கிலோ. நான்கு சோதனைகளையும் பாஸ் செய்தவர்களுக்கு நல்ல தேர்வு.

ஜாவா பெராக், 42 பாபர் போன்றவை பார்த்தவுடன் மயக்கும். ஆனால் அவை ஒற்றை சீட் வண்டிகள். அம்மாவைக் கோயிலுக்கும் தங்கையை டியூஷனுக்கும் கூட்டிப்போக வேண்டிய வீட்டில் அது ஒத்துவராது.

650 சி.சி-யும் அதற்கு மேலும் உள்ள வண்டிகள் பழைய மார்க்கெட்டில் குறைந்த விலைக்கு வந்தாலும், முதல் வண்டியாக அவை வேண்டாம். எடை ஒரு காரணம். டயர், செயின், சர்வீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு இன்னொரு காரணம். வாங்கும் விலைதான் பாதியாகக் குறையும், பராமரிப்புச் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாது.

எந்த வருட வண்டி?

இரண்டு தேதிகளை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. 125 சி.சி-க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏ.பி.எஸ் பிரேக் என்பது 2018 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரல் முதல் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமானது. பி.எஸ்-6 விதி 2020 ஏப்ரலில் வந்தது. அதோடு அவெஞ்சர் போன்ற வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது.

புதிதாக ஓட்டுபவருக்கு ஏ.பி.எஸ் வேண்டும் என்பதில் சமரசமே வேண்டாம். குறுக்கே நாய் ஓடினால் அனுபவம் இல்லாத கை பிரேக்கை மொத்தமாக அமுக்கும். ஏ.பி.எஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு, 170 கிலோ வண்டி ஆளோடு சரியும். 2016 மாடல் 20,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும்போது, அந்த 20,000 எதற்கான விலை என்பதையும் யோசிக்க வேண்டும்.

ரொம்பப் பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கால புல்லட்களில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். பழகியவர்களுக்கு அது பெருமை. புதியவருக்கு அது ஆபத்து.

"இன்ஜின் ஏன் சூடா இருக்கு அண்ணே?"

வண்டியைப் பார்க்கப் போவதற்குச் சரியான நேரம் காலை. மெக்கானிக் ஒருவரையோ, பல வருடம் பைக் ஓட்டிய சொந்தக்காரரையோ கூட அழைத்துப்போவது நல்லது. மெக்கானிக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாயைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

போனவுடன் இன்ஜினைத் தொடாமல் மேலே கையை மட்டும் காட்டிப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருந்தால் நல்லது. அனல் அடித்தால், "இன்ஜின் ஏன் சூடா இருக்கு அண்ணே?" என்று தயங்காமல் கேட்கலாம். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியை, ஆள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைப்பது பழைய தந்திரம். "இப்பதான் தம்பி பால் வாங்கப் போயிட்டு வந்தேன்" என்று பதில் வந்தால், மறுநாள் இன்னும் சீக்கிரமாக ஒருமுறை போய்ப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்து, வண்டி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. பெயின்ட்டைப் பார்த்துப் பயனில்லை; புதிதாக அடித்துவிடலாம். க்ளட்ச் லிவர், பிரேக் லிவர் இவற்றின் உருண்டை நுனி, ஹேண்டில்பாரின் இரண்டு முனை, ஃபுட்ரெஸ்ட்டின் ஓரம், சைலென்சரின் வெளிப்பக்கம். விழுந்த வண்டி இந்த இடங்களில் கையெழுத்துப் போட்டிருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் லிவர் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான தண்டில் விரலால் தடவினால் ஆயில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஆயில் சீல் போயிருக்கிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் சுறாமீன் பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தால், செட் முழுவதும் மாற்ற வேண்டும். பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்தால் படி மாதிரி தட்டுப்படுகிறது என்றால், டிஸ்க் தேய்ந்திருக்கிறது. இவையெல்லாம் வண்டியை நிராகரிக்கக் காரணங்கள் அல்ல, விலை பேசக் காரணங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றிருந்தால் 2021-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வாரக்கடைசியில் மட்டும் ஓடிய க்ரூஸர்களில் டயரின் பட்டன் அப்படியே இருக்கும். ஆனால் ரப்பர் காய்ந்து, வெடிப்பு விட்டிருக்கும். மழை ரோட்டில் அந்த டயர் பிடிக்காது.

மீட்டர் 12,000 கிலோமீட்டர் காட்டுகிறதா? கைப்பிடி ரப்பரையும் கியர் லிவர் ரப்பரையும் பாருங்கள். அவை வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றியமைத்த வண்டிகளில் கூடுதல் கவனம் தேவை. கண்ட இடத்தில் வயரை வெட்டி ஒட்டி லைட் போட்டிருந்தால், பேட்டரி அடிக்கடி இறங்கும். வெடிக்கிற சத்தம் போடும் சைலென்சரைப் போலீஸ் பிடித்தால் அபராதம் புதிய ஓனருக்குத்தான். "ஒரிஜினல் சைலென்சர் இருக்கா?" என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். ஸ்டைலுக்காகக் கழற்றிய பின்சீட் கைப்பிடியையும் சேலை கார்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். பின்னால் உட்காருபவரின் சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் காப்பது அந்த கார்டுதான்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னை மறக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களும் தண்ணீரில் நின்றன. தெருவில் நின்ற பைக்குகள் சீட் வரை மூழ்கின. அப்படி மூழ்கி, கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்த வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

சீட்டைக் கழற்றிப் பாருங்கள். கீழே உள்ள போல்ட்டுகளில் துரு, மூலைகளில் காய்ந்த வண்டல், வயர் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சை மாதிரிப் படிவு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் நீர்க்கறை. இதில் இரண்டு தென்பட்டாலே சந்தேகப்படலாம். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதற்கு மேல் பேச்சே வேண்டாம், "யோசிச்சுச் சொல்றேன் அண்ணே" என்று கிளம்பிவிடலாம்.

பெயர் மாறினால்தான் வண்டி உங்களுடையது

பணம் கொடுத்துச் சாவியை வாங்கிவிட்டால் வண்டி நம்முடையது என்று நினைப்பதுதான் பழைய வண்டி வாங்குவதில் நடக்கும் மிகப்பெரிய தப்பு. 2018-ல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான். எனவே பெயரை மாற்றுவது வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் நல்லது. அதைச் சொல்லியே அவரைக் கையெழுத்துப் போட வைக்கலாம்.

முதலில் ஆர்.சி-யில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளவற்றோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் காலம் போன்றவை தெரியும். இ-சலான் தளத்தில் நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி-யும் ஃபார்ம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணமும் கொடுக்கக் கூடாது.

ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால், விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பாண்டிச்சேரி, கர்நாடகா வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து என்.ஓ.சி வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் போடும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் அது லாபமா என்று சொல்ல முடியும்.

இன்ஷூரன்ஸ் தானாக முழுதாக மாறிவிடாது. 14 நாட்களுக்குள் புது ஓனர் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால், வண்டிக்குச் சேதம் வரும்போது க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸ் அவருக்குத்தான், வண்டியோடு வராது.

வீட்டிலிருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு. அது, வண்டியைத் தன் பெயரில் வைத்திருந்து, செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும் உரிமையாளருக்கானது. ஆர்.சி இன்னும் பழைய ஓனர் பெயரில் இருந்தால், ஓட்டுகிறவரின் குடும்பம் அந்தப் பணத்தைக் கேட்க முடியாமல் போகும். லைசென்ஸிலும் ஒரு விஷயம். ஸ்கூட்டருக்காக எடுத்த கியர் இல்லாத வண்டி லைசென்ஸ் க்ரூஸருக்குச் செல்லாது. கியர் வண்டிக்கான லைசென்ஸ் எடுத்த பிறகுதான் வண்டி தேடவே கிளம்ப வேண்டும்.

ஆன்லைனில் தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "நான் ராணுவத்தில் இருக்கிறேன், அவசர டிரான்ஸ்ஃபர், அட்வான்ஸ் போட்டால் வண்டியைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், போனை வைத்துவிடலாம். ராணுவத்தின் பெயரைச் சொல்லிப் பல வருடங்களாக நடக்கும் மோசடி அது. வண்டியை நேரில் தொட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

ஒரு லட்சம் இருந்தால் 80,000-க்கு வண்டி

அப்பாவின் "எவ்வளவு?" என்ற கேள்விக்கு இப்போது வருவோம். கையில் ஒரு லட்சம் இருந்தால், 80,000 ரூபாய்க்குள் வண்டியைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். மீதி 20,000 ரூபாய்க்கு வரிசையாக வேலை காத்திருக்கும். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், தேவைப்பட்டால் டயர், பேட்டரி. முதல் சர்வீஸிலேயே இதையெல்லாம் முடித்துவிட்டால், அடுத்த ஒரு வருடம் நிம்மதி.

அந்த 20,000-ல் முதல் செலவு ஹெல்மெட். க்ரூஸருக்குப் பொருத்தம் என்று சொல்லிப் பாதித் தலையை மட்டும் மூடும் கிண்ண ஹெல்மெட்டை வாங்குகிறார்கள். போட்டோவில் அழகாக இருக்கும். ஆனால் விழும்போது தாடையும் முகமும் தரையில் மோதலாம். ஐ.எஸ்.ஐ முத்திரையுள்ள, முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட்தான் வேண்டும். பின்சீட்டில் உட்காருபவருக்கும் ஒன்று. பிறகு கணுக்கால் மூடிய ஷூ, கிளவுஸ்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ஸ்கூட்டரிலிருந்து வருபவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஸ்கூட்டரில் இடது கை லிவர் பின் பிரேக். க்ரூஸரில் அதே இடத்தில் இருப்பது க்ளட்ச். பதற்றத்தில் பழக்கதோஷத்தால் இடது கையை அமுக்கினால் வண்டி நிற்காது. இன்ஜினின் பிடி விடுபட்டு, இன்னும் தாராளமாக ஓடும். பின் பிரேக் வலது காலில், அதுவும் க்ரூஸரில் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். கால் தானாக அதைத் தேடிப் போகும் வரை ட்ராஃபிக்கில் இறங்கக் கூடாது.

முதல் ஒரு வாரம் விடியற்காலையில் ஆளில்லாத மைதானம் போதும். ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் க்ளட்ச்சிலேயே வண்டியை நகர்த்துவது, பெரிய எட்டு போடுவது, 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நேராக நிறுத்துவது. இந்த மூன்றும் கைக்கு வந்த பிறகு மெயின் ரோடு. அதற்குப் பிறகு ஹைவே. கொல்லிமலையின் 70 ஹேர்பின் வளைவுகள் எங்கும் போய்விடாது. ஆறு மாதம் கழித்துப் போகலாம். நீளமான வண்டி திரும்புவதற்கு அதிக இடம் கேட்கும். மலையில் அது எதிரே வரும் பஸ்ஸின் இடமாக இருந்துவிடக் கூடாது.

என்றாவது ஒருநாள் வண்டி கீழே விழத்தான் செய்யும். இடுப்பை வளைத்து இழுத்துத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். முதலில் இன்ஜினை அணைத்து, முடிந்தால் கியரில் போட வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே நீட்டி வைத்துவிட வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்பை வைத்து, தரையோரம் உள்ள கைப்பிடியை ஒரு கையாலும் சீட்டுக்குக் கீழே உள்ள ஃபிரேமை இன்னொரு கையாலும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து தள்ளினால் வண்டி எழுந்துவிடும். கால்களின் பலம்தான் வேலை செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தில் ஆள் இருந்தால், "அண்ணா, ஒரு கை பிடிங்க" என்று கேட்பதில் வெட்கமே இல்லை.

அவெஞ்சரில் ஆரம்பித்தவர் இரண்டு வருடம் ஓட்டிப் பழகி, அதை விற்று, மீட்டியாருக்கோ இன்னும் பெரிய வண்டிக்கோ போகலாம். பழைய வண்டியாக வாங்கியது என்பதால், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் விற்கும்போது பெரிய நஷ்டமும் வராது. அதற்குள் யு டர்னும் ஏற்றமும் மழை ரோடும் பழகியிருக்கும். அப்போது அம்மா பின்சீட்டில் ஏறி உட்காருவார். "மெதுவாப் போ" என்று மட்டும் சொல்வார்.